டீ கமாண்ட்: இலவசம், உழைக்கும், ஆனால் பைப்ஃபெயில் இல்லாமல் தொடாதீர்கள்

ஒரு புரோகிராம் கக்குவதைத் திரையிலும் பார்க்க வேண்டும், ஃபைலிலும் சேமிக்க வேண்டும் என்றால் லினக்ஸில் முதலில் கைக்கு வருவது டீ கமாண்ட்தான். (குடிக்கிற டீ இல்லை. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் சேட்டன் கடைக்கு வேண்டுமானால் தனியாக ஒரு ரிவ்யூ எழுதலாம்.) நைட் ஷிஃப்டில் சர்வர் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு, அதனால் தினமும் இதோடுதான் குடித்தனம். ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுக்கிறேன்.

விலை என்று ஒன்றும் கிடையாது. ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கமாண்டுகளின் தொகுப்பிலேயே வந்துவிடுவதால் டெபியன், ஃபெடோரா எதிலும் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. அதன் மேன் பேஜின் (கூடவே வரும் கையேடு) கடைசியில் எழுதியவர்கள் பட்டியலில் ஜிஎன்யூவைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பெயரும் இருக்கும். பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, 1973-ல் கென் தாம்ப்சன் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் பைப்பை (ஒரு கமாண்ட் கக்குவதை அடுத்த கமாண்டுக்கு ஊட்டும் வசதி, இப்போது | என்று போடுவோமே அது, டீ நிற்பது அதற்குப் பின்னால்தான்) கொண்டுவந்தாரே, அந்தக் கால ஐடியாவில்தான் இன்னமும் நம் பிழைப்பு ஓடுகிறது.

வெறும் > (அவுட்புட்டை நேராக ஃபைலுக்குத் திருப்பும் குறி) போதாதா என்று கேட்பீர்கள். போட்டால் திரை மொட்டையாகிவிடும், பில்ட் (கோடைப் புரோகிராமாகக் கட்டும் வேலை) ஓடுகிறதா தூங்குகிறதா என்றே தெரியாது. அதோடு, கமாண்ட் ஓடத் தொடங்கும் முன்பே ஷெல் (நாம் தட்டுவதைப் படித்து ஓட்டும் புரோகிராம்) அந்த ஃபைலைத் திறந்து காலி செய்துவிடும். ஒரு ஃபைலை சார்ட் செய்து > போட்டு அதே ஃபைலுக்கு அனுப்பினால் மிஞ்சுவது ஜீரோ பைட். இந்த விஷயத்தில் டீயும் யோக்கியமில்லை, ஃபைலில் இருக்கும் பழைய லாக்கை (பதிவை) அதுவும் துடைத்துவிடும், சேர்த்து எழுத வேண்டுமென்றால் மைனஸ் ஏ (-a) போட வேண்டும். எர்ரர் வரிகளும் வேண்டுமென்றால் பைப்புக்கு முன்னாலேயே 2>&1 போட்டுவிடுங்கள் (எர்ரரையும் சாதாரண அவுட்புட் போகும் இடத்துக்கே அனுப்பச் சொல்வது அது), இல்லாவிட்டால் அவை திரையில் மட்டும் வந்துபோகும், லாக்கில் இருக்காது. வெறும் > போடும்போது வரிசையும் முக்கியம்: > லாக் 2>&1 என்றால் இரண்டும் ஃபைலுக்குப் போகும், 2>&1 > லாக் என்று திருப்பிப் போட்டால் எர்ரர் திரையிலேயே நின்றுவிடும். ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த உபயோகம் வேறு. ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஜூனியர் பையன் ஒருவன், சூடோ (அட்மின் அதிகாரத்தில் ஓட்டும் கமாண்ட்) எக்கோ (கொடுத்ததை அப்படியே கக்கும் கமாண்ட்) போட்டு >> (ஃபைலின் கடைசியில் சேர்த்து எழுதும் குறி) வைத்து, சாதாரண யூசர் எழுத முடியாத சிஸ்டம் ஃபைலான ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, சூடோ போட்டும் பர்மிஷன் டினைடுங்குது, பாஸ்வேர்ட் சரியாத்தான் போட்டேன்" என்றான். பாஸ்வேர்டில் ஒரு குறையும் இல்லை. சூடோ அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான். ஃபைலைத் திறக்கிற வேலையைச் செய்வது சாதாரண யூசராக உட்கார்ந்திருக்கும் ஷெல். எக்கோவைச் சும்மா விட்டுவிட்டு | சூடோ டீ மைனஸ் ஏ என்று மாற்றச் சொன்னேன், வேலை முடிந்தது. மைனஸ் ஏ-வை மட்டும் மறக்கவே கூடாது, மறந்தால் ஹோஸ்ட்ஸ் ஃபைல் முழுக்க அந்த ஒரே வரிதான் இருக்கும்.

சரி, குறைத்த ஸ்டாருக்கு வருவோம். பைப் போட்டால், கடைசியில் நிற்கிற கமாண்ட் என்ன ரிசல்ட் சொல்கிறதோ அதைத்தான் ஷெல் மொத்தத்துக்கும் ரிசல்ட்டாக எடுத்துக்கொள்ளும். கடைசியில் நிற்பது டீ. அது வந்ததை ஒழுங்காக எழுதி முடித்தால் ஜீரோ, அதாவது எல்லாம் சுபம். முன்னால் ஓடிய டெஸ்ட் மண்ணைக் கவ்வியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த டீம் விட்டுச்சென்ற ஸ்கிரிப்ட் இப்படித்தான் இருந்தது: லாக்கைத் திறந்தால் ஃபெயில் ஃபெயில் என்று பக்கம் பக்கமாக ஓடும், காலையில் மேனேஜருக்குப் போகும் மெயிலோ பச்சைப் பசேல் என்றிருக்கும். பாஷ் ஷெல்லில் செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில் (set -o pipefail) என்று ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி சேர்த்தால், பைப்பில் எது ஃபெயிலானாலும் மொத்தமும் ஃபெயில் என்று கணக்காகிச் சரியாகிவிடும். டிஃபால்ட்டாக அது ஆஃபில் இருப்பது டீயின் தப்பில்லை, ஷெல்லின் வழக்கம். ஆனாலும் பழி டீயின் தலையில்தான் விழுகிறது, விழட்டும்.

சின்னக் குறைகளும் உண்டு. பைத்தான் ஸ்கிரிப்டை டீக்குள் விட்டால் திரையில் ரொம்ப நேரம் ஒன்றுமே வராது, திடீரென்று மொத்தமாகக் கொட்டும். தன் அவுட்புட் டெர்மினலுக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் பைத்தானே சேர்த்துவைத்து அனுப்புவதால் வருவது இது, மைனஸ் யூ போட்டு ஓட்டினால் உடனுக்குடன் வரும். அப்புறம் புரோகிராமை நிறுத்த கண்ட்ரோல் சி அடித்தால் டீயும் சேர்ந்து செத்துவிடும், புரோகிராம் சாகும் முன் சொல்ல வந்த கடைசி வரிகள் லாக்கில் ஏறாது. மைனஸ் ஐ ஆப்ஷன் இதற்காகவே இருக்கிறது, யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

லாக் எழுதுகிறதே என்ற தைரியத்தில், எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்து சர்வருக்குள் நுழையும் வழி) பில்டைத் தட்டிவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பாதீர்கள். கனெக்‌ஷன் அறுந்தால் பில்டும் டீயும் ஒன்றாகப் போய்ச் சேரும், நீங்கள் சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கனெக்‌ஷன் போனாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும் டிமக்ஸ் உள்ளே ஓட்டுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு பவர்ஷெல்லில் (விண்டோஸின் ஷெல்) டீ-ஆப்ஜெக்ட் என்று ஒன்று உண்டு. விண்டோஸோடு வரும் 5.1-ல் அது எழுதும் ஃபைல் யூடிஎஃப்-16 (எழுத்துகளை பைட்டாக்கும் வேறொரு முறை). அதை அப்படியே லினக்ஸ் சர்வருக்கு அனுப்பி க்ரெப் (சொல் தேடும் கமாண்ட்) போட்டால், கண்ணெதிரே இருக்கிற எர்ரர் என்ற சொல்லே கிடைக்காது. பவர்ஷெல் 7 போட்டுக்கொண்டால் லினக்ஸுக்குப் பழகிய யூடிஎஃப்-8 ஆகவே வரும், அந்தத் தலைவலி இல்லை.