விமானம் ரத்தானதும் 'கேன்சல்' பட்டனைத் தொடாதீர்கள்

இணைய டிராவல் ஏஜென்சிகளின் ஆப்பில் விமான டிக்கெட் எடுத்திருப்பவர்களும் எடுக்கப் போகிறவர்களும் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். அம்மாவுக்கும் எனக்கும் எடுத்த இரண்டு டிக்கெட்டின் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. அதிலும் ஒரு பகுதி இன்னும் கைக்கு வரவில்லை.

விமானத்தை ரத்து செய்தது நான் அல்ல, விமான நிறுவனம். பயணத்துக்கு ஒன்பது நாள் முன்பே ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் விஷயம் எனக்குத் தெரிய மூன்று நாள் ஆனது. அதுவும் அம்மாவின் இருக்கையை மாற்றலாமா என்று விமான நிறுவனத்தின் தளத்துக்குள் போனபோது தற்செயலாகத்தான் பார்த்தேன். ஏன் எனக்குத் தகவல் வரவில்லை என்று பிறகு விசாரித்தால், பயணியின் மின்னஞ்சல் என்ற இடத்தில் ஏஜென்சி தன்னுடைய முகவரியைப் போட்டு வைத்திருக்கிறது. ரத்து அறிவிப்பு அவர்களுக்குப் போயிருக்கிறது, அவர்கள் எனக்கு அனுப்பவில்லை. டிக்கெட் எடுத்த அன்றே, ஆறு எழுத்துள்ள பி.என்.ஆரை வைத்து விமான நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து, உங்கள் சொந்த மின்னஞ்சலும் போன் நம்பரும் அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஏஜென்சி தரும் புக்கிங் எண் வேறு, விமான நிறுவனத்தின் பி.என்.ஆர். வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து நான் செய்த தவறு. ஏஜென்சியின் ஆப்பைத் திறந்தேன். பெரிய நீலப் பட்டனில் 'புக்கிங்கை ரத்து செய்' என்று இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், 'விமான நிறுவனம் ரத்து செய்துவிட்டதா?' என்று ஒரு வரி. பதற்றத்தில் நீலத்தை அழுத்திவிட்டேன். அடுத்த திரையில் ரத்துக் கட்டணம் என்று பாதிக்கும் மேல் கழித்துக் காட்டியது. விமானமே இல்லையே, பிறகு சரி செய்து கொடுப்பார்கள் என்று நம்பி அதற்கும் சரி என்று அழுத்தினேன்.

விமானத் துறையில் ரத்து இரண்டு வகை. பயணி தன் விருப்பத்தில் ரத்து செய்தால், டிக்கெட்டின் விதிப்படி பணம் பிடிப்பார்கள். விமான நிறுவனம் ரத்து செய்தால் அது பயணியின் விருப்பத்துக்கு மாறான ரத்து. 'பணம் திரும்ப வராது' என்று எழுதிய மலிவு டிக்கெட்டாக இருந்தாலும் அப்போது முழுப் பணம் வர வேண்டும். நான் நீலப் பட்டனை அழுத்தியதால், ஏஜென்சியின் கணக்கில் நானே மனம் மாறி ரத்து செய்ததாகப் பதிவாகிவிட்டது.

பிறகு தொடங்கியது போன் படலம். ஏஜென்சியில், "மேடம், ஏர்லைன்ல இருந்து இன்னும் அமௌன்ட் வரலை. வந்ததும் ப்ராசஸ் பண்ணிடுவோம்." விமான நிறுவனத்தில், "நீங்க ஏஜென்ட் மூலமா புக் பண்ணியிருக்கீங்க மேடம், அவங்ககிட்டதான் கேக்கணும்." வாரத்துக்கு இரண்டு முறை இதே இரண்டு பதில்கள். ஒவ்வொரு முறையும் புதுப் புகார் எண். பழைய புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டிருக்கும்.

மூன்றாவது வாரத்தில் இதைவிடப் பெரிய ஆபத்திலிருந்து தப்பினேன். ஆப்பில் இருந்த எண் கிடைக்காததால் கூகுளில் ஏஜென்சியின் பெயரைப் போட்டு கஸ்டமர் கேர் எண் தேடினேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். அத்தனை மரியாதை. "இப்பவே ரீஃபண்ட் போட்டுடறேன் மேடம், ஒரு ஆப் மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க, உங்க ஸ்கிரீன் எனக்குத் தெரியணும்" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்த அம்மா, "ஏம்மா, பணம் குடுக்கறவனுக்கு உன் போன் எதுக்குத் தெரியணும்?" என்றார். சட்டென்று போனை வைத்துவிட்டேன். ரீஃபண்டுக்காக அலைகிறவர்களைக் குறிவைத்தே போலி எண்களை இணையத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள். எண்ணை ஏஜென்சியின் ஆப்பிலிருந்தோ டிக்கெட்டோடு வந்த மின்னஞ்சலிலிருந்தோ மட்டும் எடுங்கள். ரீஃபண்ட் வர ஓ.டி.பி. தேவையே இல்லை.

பணம் எந்த வழியில் போகிறது என்று புரிந்தபோதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. நான் ஏஜென்சிக்குக் கட்டியது ஒரு பரிவர்த்தனை. ஏஜென்சி விமான நிறுவனத்துக்குக் கட்டியது இன்னொன்று. அதை விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான அயாட்டா நடத்தும் பி.எஸ்.பி. என்ற கணக்குத் தீர்வு முறை வழியாகக் கட்டுவார்கள், இல்லையென்றால் தங்களுடைய விர்ச்சுவல் கார்டில் (கையில் அட்டை இல்லாமல் எண் மட்டும் உள்ள கார்டு) கட்டுவார்கள். அப்படிக் கட்டியிருந்தால் விமான நிறுவனம் திருப்பித் தரும் பணம் என் கார்டுக்கு வராது, ஏஜென்சிக்குத்தான் போகும். அங்கே அது எத்தனை நாள் தங்கும் என்பது ஏஜென்சியின் கையில். உங்கள் கார்டு ஸ்டேட்மென்டில் யார் பெயர் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். விமான நிறுவனத்தின் பெயர் இருந்தால் பாதிக் கவலை விட்டது, நேராக அவர்களையே பிடிக்கலாம். ஏஜென்சியின் பெயர் இருந்தால் என் கதைதான்.

விமானம் ரத்தான 110-ஆம் நாள் வேறு வேலையாக விமான நிலையம் போனவள், அந்த விமான நிறுவனத்தின் கவுன்டரில் நின்றேன். இந்த முறை 'ரீஃபண்ட் எப்போ வரும்' என்று கேட்கவில்லை. 13 இலக்க இ-டிக்கெட் எண்ணை நீட்டி, "இந்த டிக்கெட்டோட ஸ்டேட்டஸ் என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் எண்ணைத் தட்டினார், திரையை ஒரு நிமிடம் பார்த்தார். "ரீஃபண்டட்னு இருக்கு மேடம். ரத்தான பதினோராவது நாளே ஏஜென்டுக்குப் போயிடுச்சு. ஃபுல் அமௌன்ட்."

எனக்குப் பேச்சே வரவில்லை. என்னிடம் பாதிக்கும் மேல் கழித்துக் காட்டிய அதே டிக்கெட்டுக்கு விமான நிறுவனம் முழுப் பணத்தையும் கொடுத்திருக்கிறது. அதை வாங்கி மூன்று மாதத்துக்கும் மேலாக வைத்துக்கொண்டு, 'இன்னும் வரலை' என்று என்னிடம் வாரம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். இதைத் தாமதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

அந்தப் பெண்ணிடமே கேட்டு, ரீஃபண்ட் ஆன தேதியையும் டிக்கெட் எண்களையும் மின்னஞ்சலாக வாங்கிக்கொண்டேன். வாய்வார்த்தை எதற்கும் உதவாது, எழுத்தில் வாங்குங்கள். அதை ஏஜென்சியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பிய மறுநாளே பேச்சு மாறியது. பணத்தை அவர்களுடைய வாலட்டில் போடுகிறோம், 'ஏற்கிறேன்' என்று அழுத்துங்கள் என்றார்கள். அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் அதோடு விவகாரம் முடிந்ததாகக் கணக்கு எழுதியிருப்பார்கள். பணமாகக் கேட்பது உங்கள் உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, ரத்தான விமானத்தின் பணத்தை 7 நாளுக்குள் தரச் சொல்கிறது. பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் வவுச்சர். அமெரிக்காவில் 2024-இல் வந்த விதி, ஸ்டேட்மென்டில் ஏஜென்சியின் பெயர் இருந்தால் ஏஜென்சியே பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இந்தியாவில் கொரோனா ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-இல் கொடுத்த தீர்ப்பில், விமான நிறுவனம் தரும் பணத்தை ஏஜென்ட் உடனே பயணிக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பயணத்துக்கு எந்த நாட்டு விதி பொருந்துமோ, அதன் பெயரையும் எண்ணையும் புகார்க் கடிதத்தில் எழுதுங்கள்.

113-ஆம் நாள், கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் கேட்டு எழுதினேன், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பக் கேட்பது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கெடு தாண்டியிருக்கலாம். கார்டு நிறுவனங்கள் இதற்குப் பெரும்பாலும் 120 நாள்தான் தருகின்றன. அது எந்தத் தேதியிலிருந்து என்பது விவகாரத்தைப் பொறுத்து மாறும், உங்கள் வங்கியிடம் முதல் மாதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 'பொறுங்க மேடம்' என்று அவர்கள் இழுக்கும் ஒவ்வொரு நாளும் இந்தக் கெடுவைத்தான் தின்கிறது. ரத்து அறிவிப்பு, நான் நீலப் பட்டனை அழுத்திய தேதி, விமான நிறுவனத்தின் மின்னஞ்சல், எல்லாப் புகார் எண்களும் என்று ஒன்று விடாமல் இணைத்தேன். விமானம் ரத்தான பிறகுதான் நான் பட்டனை அழுத்தினேன் என்பது தேதிகளிலேயே தெரிந்தது. ஐந்து வாரத்தில் டிக்கெட்டுகளின் முழுத் தொகையும் வந்தது.

அப்பாடா என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், இருக்கைக்கும் கூடுதல் பெட்டிக்கும் கட்டிய பணம் அதில் இல்லை. இவை டிக்கெட்டில் அடங்காதாம். இ.எம்.டி. என்று தனி ஆவணம், அதற்குத் தனியாக ஒரு 13 இலக்க எண், தனியாக ரீஃபண்ட் கேட்க வேண்டுமாம். இதை எங்களிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. உங்கள் மின்னஞ்சலில் டிக்கெட்டுக்குக் கீழே அந்த எண் இருக்கும், தேடி எடுத்து முதல் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இருக்கைப் பணம் நேற்று வந்தது. பெட்டிப் பணம் வரவில்லை. கேட்டால், "ஏர்லைன்ல இருந்து இன்னும் வரலை மேடம்" என்கிறார்கள். இன்று காலை அந்த எண்ணின் ஸ்டேட்டஸைக் கேட்டு விமான நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.