வீட்டில் ஓடும், கடற்கரையில் உறையும்: நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூலோடு ஒரு மாதம்

குளச்சலில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மச்சானுக்கு ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. வலை விட்ட இடத்தை ஒரே அமுக்கில் குறித்துவைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றான். அவனிடம் ஜிபிஎஸ் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் மெனுவுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் நீரோட்டம் வள்ளத்தை வேறெங்கோ கொண்டுபோய்விடுகிறதாம். செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆன்லைனில் வாங்கினேன், கடை பெயர் வேண்டாம். சாட்டிலைட்டை வைத்து இடத்தைச் சொல்லும் ஒரு நியோ-6எம் மாட்யூல், புரோகிராம் ஓட்டும் குட்டி போர்டான ஒரு ஆர்டுயினோ நானோ, 16 எழுத்து இரண்டு வரி எல்.சி.டி., கூடவே 'ரெடி புரோகிராம்' என்று ஒரு டவுன்லோடு லிங்க். மாட்யூலைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மொட்டைமாடியில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் சாட்டிலைட்டைப் பிடித்துவிடுகிறது. கான்கிரீட் கூரைக்குக் கீழே பிடிக்காது, அது எந்த மாட்யூலுக்கும் உள்ளதுதான். ஆன்டெனா ஒயரின் குட்டி கனெக்டரை மட்டும் அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள், பிய்ந்துவிடும்.

தலைவலி புரோகிராமில் இருந்தது. கடையில் மேசைமேல் வைத்தால் எல்.சி.டி.யில் நொடிகள் அழகாக ஓடும். கடற்கரைக்குக் கொண்டுபோனால் கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே உறைந்துவிடும். ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடியும் அதே கதை. உப்புக்காற்று என்று நினைத்தேன். பேட்டரி என்று நினைத்தேன். எல்லாக் கால்களையும் மறுபடி சால்டர் வைத்தேன். கடைசியில் மாட்யூலையே திருப்பி அனுப்பி வேறொன்று வாங்கினேன், அதுவும் உறைந்தது. மச்சான் கரையில் உட்கார்ந்து சிரிக்கிறான்: "நான் மலையும் கோயில் கோபுரமும் பாத்தே இடம் பிடிச்சிருவேன், நீ வீட்டுக்குப் போ மக்கா."

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மாட்யூலில் உள்ள சின்ன விளக்கு மின்னத் தொடங்கிய பிறகுதான் திரை நிற்கிறது. விளக்கு அதன்பிறகும் மின்னிக்கொண்டேதான் இருக்கிறது.

நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது புரோகிராமைத் திறந்து காட்டினேன். இந்த மாட்யூலில் ஐந்து கால்கள். ஐந்தாவது கால் பி.பி.எஸ்., நொடிக்கு ஒருமுறை துடிக்கும். சாட்டிலைட் கிடைத்தால்தான் துடிக்கும்! அந்தத் துடிப்பை நானோவின் டி2 காலில் இன்டரப்டாக (செய்கிற வேலையை நிறுத்திவிட்டு உடனே இதைக் கவனி என்று சிப்பைக் கூப்பிடும் சைகை) கொடுத்து, அந்த இன்டரப்டுக்குள்ளேயே சீரியலில் (மாட்யூல் எழுத்து எழுத்தாகத் தகவல் அனுப்பும் வழி) இருந்து ஒரு முழு வரியைப் படிக்கச் சொல்லியிருக்கிறான் எழுதினவன். வீட்டுக்குள் துடிப்பே கிடையாது, அதனால் அந்தப் பகுதி ஒருமுறைகூட ஓடவில்லை. கடற்கரையில் ஓடியது, நின்றது.

அவள் சொன்னது: "கதவ அடச்சு தாப்பா போட்டுட்டு, உள்ள இருந்து தபாலு வரலியேன்னு பாத்துட்டு இருக்கீங்க மாமா."

விஷயம் இதுதான். சீரியலில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் நானோவின் சிப் எடுத்துவைப்பதும் ஒரு இன்டரப்ட் மூலம்தான். ஒரு இன்டரப்டுக்குள் இருக்கும்போது மற்ற இன்டரப்ட் எல்லாம் வாசலில் காத்து நிற்கும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் சுமார் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு எழுத்து வருகிறது. சிப்பின் சீரியல் பகுதியால் இரண்டு மூன்று எழுத்துக்குமேல் தாங்க முடியாது, மிச்சம் போச்சு. ஏற்கெனவே எடுத்து வைத்த எழுத்துகள் இருக்கும் பஃபரோ 64 பைட், எழுத்துக்கு ஒரு பைட். ஜிபிஎஸ் வரி 82 எழுத்து வரை நீளலாம். வரி முடிகிற எழுத்து பஃபருக்குள் இல்லையென்றால் அது இனி வரவே வராது. ஒரு நொடி பார்த்துவிட்டுக் கைவிடும் ஏற்பாடு வரியைப் படிக்கும் ஃபங்ஷனில் இருக்கிறதே என்று கேட்டேன். அந்த நொடியை எண்ணுவதும் டைமர் இன்டரப்ட்தானாம். கடிகாரமும் சேர்ந்து நின்றுவிட்டால் எந்த நொடி முடியும்? இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாட்யூலுக்கும் சால்டருக்கும் நான் கொடுத்த சாபமெல்லாம் வீண்.

மாற்றியது பத்து வரிகூட இருக்காது. இன்டரப்டுக்குள் ஒரு கொடியை ('துடிப்பு வந்தது' என்று குறித்துவைக்கும் மாறி) மட்டும் தூக்கிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. அந்த மாறிக்கு முன்னால் 'வாலடைல்' (இதன் மதிப்பு எப்போது வேண்டுமானாலும் மாறும், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார் என்று அர்த்தம்) என்று போட மறக்கக் கூடாது. சீரியலைத் திரும்பத் திரும்ப ஓடும் மெயின் லூப்பில் எழுத்து எழுத்தாகப் படித்து, வரி முடிந்ததும் செக்சம் (எழுத்து எதுவும் கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்) பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மச்சானின் பொத்தானுக்கும் அதேபோல ஒரு கொடி.

அப்புறம் ஒரு கூத்து. முதன்முதலாகக் கிடைத்த எண்ணை மேப்பில் போட்டுப் பார்த்தால் என் கடை கடலுக்குள் கிடக்கிறது. மாட்யூலில் இருந்து அட்சரேகை 0810.5 என்று வந்தால் அது 8.105 டிகிரி இல்லை. 8 டிகிரி, 10.5 நிமிடம், அதாவது 8.175. அந்த வித்தியாசம் தெற்கே கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். ரெடி புரோகிராமில் இதுவும் தப்பு.

இப்போது பெட்டி மூன்று வாரமாகக் கடலுக்குப் போய்வருகிறது. ஒருமுறைகூட உறையவில்லை. சும்மா வைத்திருந்தால் இரண்டு மூன்று மீட்டர் அங்கும் இங்கும் ஆடுகிறது, வலை தேடுவதற்கு அது போதும். பூச்சு இல்லாத இரண்டு கால்களில் மட்டும் பச்சை பூத்திருந்தது. சுரண்டிவிட்டு, வீட்டில் கிடந்த நெயில் பாலிஷை அடித்திருக்கிறேன். ஆபத்துக்கு இதை நம்பிப் போகாதே, உன் பழைய ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் கையில் இருக்கட்டும் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.

மாட்யூலுக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்தேன். புரோகிராமுக்குத் தனியாக நட்சத்திரம் போட அங்கே இடமில்லை. என்ன தப்பு என்று கடைக்காரருக்கு விளக்கமாக எழுதினேன். 'நன்றி சார்' என்று பதில் வந்தது. நேற்றுப் பார்த்தேன், லிங்கில் அதே பழைய ஃபைல்தான் கிடக்கிறது. சித்தப்பா வள்ளத்துக்கு இன்னொரு மாட்யூல் ஆர்டர் போட்டிருக்கிறேன்.