50 லட்சம் குறையுது: வங்கியா, பினான்ஸா, ஊர் ஈடா, வெளிநாட்டுக் காசா?

கோண்டாவிலில் இரண்டு பரப்பு வளவோடு பழைய கல்வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு, சீட்டுக்காசு, நகை எல்லாம் போட்டும் 50 லட்சம் குறைகிறது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காசைப் பிடிக்க நாலு வழி உண்டு: வங்கி வீட்டுக் கடன், பினான்ஸ் கொம்பனி, வட்டிக்குக் கொடுக்கிற ஊர்க்காரரிடம் இருக்கிற காணியை ஈடு வைப்பது, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர். எது மலிவு என்பதை வட்டி வீதம் பாதிதான் சொல்லும். மீதியை உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிறிப் (CRIB) அறிக்கையும் அந்த வீட்டின் உறுதியும் (உரிமைப் பத்திரமும்) சொல்லும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 12 வீதம் என்று ஒரு பேச்சுக்கு எடுக்கிறேன். இன்றைய வீதத்தைக் கிளையில் கேளுங்கள். 50 லட்சத்தை 15 வருடத்தில் கட்டினால் மாதம் ஏறத்தாழ 60,000 ரூபா, மொத்தம் 1 கோடி 8 லட்சம். அதையே 20 வருடமாக நீட்டினால் மாதம் 55,000, மொத்தம் 1 கோடி 32 லட்சம். மாதம் 5,000 குறைக்கப்போய் 24 லட்சம் கூடக் கட்டுகிறோம். தவணை சின்னதாகத் தெரிகிறதென்று நீண்ட காலத்தைப் பிடிக்கிறவர்கள் இதை ஒருமுறை போனில் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கலாம்.

ஊர் வட்டி 'நூற்றுக்கு ரெண்டு' என்றால் அது மாதத்துக்கு. 50 லட்சத்துக்கு மாதம் ஒரு லட்சம், அதுவும் வட்டி மட்டும். 15 வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் முதல் 50 லட்சம் அப்படியே நிற்கும். இதே 24 வீதத்தை ஒரு வங்கி வாங்கினால்கூட மாதம் 1,03,000 கட்டி 15 வருடத்தில் கடனை முடித்துவிடலாம். மாதம் மூவாயிரம்தான் வித்தியாசம். ஆனால் ஒரு பக்கத்தில் கடன் முடிகிறது, மற்றப் பக்கத்தில் முடிவதே இல்லை. ஆகவே ஊர் ஈட்டை இரண்டு மூன்று மாத இடைவெளியை நிரப்ப மட்டும் யோசிக்கலாம், வீட்டுக் கடனாக எடுக்கவே கூடாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் சொல்லப்படும் பழைய ஒற்றி இதைவிட நியாயமானது: காசு கொடுத்தவர் காணியை அனுபவித்து விளைச்சலை எடுப்பார், வட்டி இல்லை, முதலைக் கொடுத்தால் காணி திரும்பும். ஆனால் குடியிருக்க வீடு தேடுகிறவருக்கு அது பொருந்தாது.

பினான்ஸ் கொம்பனியில் கவனிக்க வேண்டியது வீதத்தைச் சொல்லும் முறை. '12 வீதம் பிளாட்' என்றால், 10 லட்சத்துக்கு ஐந்து வருடத்தில் 6 லட்சம் வட்டி சேர்த்து 60 ஆல் பிரிப்பார்கள், மாதம் 26,667. முதல் குறையக் குறைய வட்டி குறையாததால் உண்மையான வீதம் 20க்கு மேல் போகிறது. காலமும் பெரும்பாலும் ஐந்தாறு வருடம்தான், அதனால் 50 லட்சத்துக்குத் தவணை தாங்காது. ஆவணம் குறைவாகக் கேட்பார்கள், காசு கெதியாக வரும். வீடு வாங்க அது போதாது.

அப்போ வங்கிதானா? பெரும்பாலானவர்களுக்கு ஓம். ஆனால் வங்கிகளுக்குள்ளேயே நிலையான வீதம், மாறும் வீதம் என்ற பெரிய பிரிவு இருக்கிறது. மாறும் வீதத்தை அநேகமாக மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு (வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கும் வட்டியின் சராசரி) கட்டிவிடுவார்கள். அந்த வீதம் 2021 முடிவில் 9 வீதத்துக்குக் கீழே இருந்தது. 2022 முடிவில் 27ஐத் தாண்டியது. மேலே சொன்ன 60,000 ரூபாத் தவணை ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகிற அளவு அது. பிறகு வீதம் இறங்கியது உண்மைதான், ஆனால் அந்த ஒரு வருடத்தைத் தாங்க முடியாமல் தவணை பிந்தியவர்களின் பதிவு வீதத்தோடு சேர்ந்து இறங்கவில்லை. முதல் ஐந்து வருடமாவது நிலையான வீதம் கிடைத்தால், அரை வீதம் கூடினாலும் நான் அதைத்தான் எடுப்பேன். நிலையான காலம் முடிந்த பிறகு எந்த வீதத்தோடு எத்தனை சேரும், இடையில் முழுவதையும் அடைத்தால் எவ்வளவு தண்டம் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி கிறிப். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லாரும் இப்படிச் சொல்கிறோம். "அவனைக் கிறிப்பில போட்டுட்டாங்கள்" என்று ஊரில் கதைப்பார்கள், ஏதோ கறுப்புப் பட்டியல் மாதிரி. பணியகம் யாரையும் தடுப்பதில்லை. வங்கிகளும் பினான்ஸ் கொம்பனிகளும் அனுப்பும் விபரத்தைச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். ஒழுங்காகக் கட்டியதும் அதில் இருக்கும், பிந்தியதும் இருக்கும், திரும்பிய காசோலையும் இருக்கும். அதிலிருந்து மூன்றிலக்கப் புள்ளி ஒன்றும் வருகிறது. அந்தப் புள்ளியையும் அறிக்கையையும் பார்த்து முடிவெடுப்பது கடன் கொடுப்பவர். ஒரு வங்கி 'இல்லை' என்ற ஆளுக்கு இன்னொன்று 'சரி' சொல்வது இதனால்தான். ஆனால் 'இல்லை' என்றதும் ஆஸ்பத்திரி வீதியில் இருக்கிற கிளைகள் ஒவ்வொன்றாக ஏறி விண்ணப்பம் போடாதீர்கள். எந்த நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தது என்பதும் அதிலேயே பதிவாகும். ஓடித்திரியும் ஆள் என்று அடுத்தவர் நினைப்பார்.

இங்கே கிறிப்பில் சிக்குகிறவர்களில் சொந்தக் கடனால் சிக்காதவர்களும் உண்டு. சம்பளச் சீட்டோடும் ஓய்வூதியத்துக்கு உரித்தான அரச வேலையோடும் ஒரு ஆசிரியை வீட்டுக் கடனுக்குப் போகிறார் என்று வையுங்கள். எல்லாம் சரியாக இருக்கும். அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்பார்:

"ரீச்சர், உங்கட பேரில ஒரு லீசிங் பிணை நிக்குது. மூண்டு தவணை பிந்தியிருக்கு."

"அது தம்பியின்ர ஓட்டோ. அவன் கட்டுறான் எண்டுதானே சொன்னவன்."

பிணைக் கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் ஏறும். போரின் பின் வடக்கில் லீசிங் வந்து குவிந்தபோது, அரச வேலைக்காரர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அவரிடம்தான் எல்லாரும் பிணைக்கு வந்தார்கள். மறுக்கவும் முடியாது. இப்போது வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், யாருக்கெல்லாம் கையெழுத்து வைத்தோம் என்று யோசித்துப் பார்த்து, அந்தக் கடன்களின் நிலையை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உங்கள் சொந்த அறிக்கையை வங்கிக் கிளை மூலமோ பணியகத்தின் இணையத்தளத்திலோ நீங்களே எடுக்கலாம். அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால், அதைக் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டுத் திருத்த வேண்டும். அதற்கு நாள் எடுக்கும்.

எதிர்ப் பக்கத்தில் கடனே எடுக்காதவர்கள் இருக்கிறார்கள். காசுக்குத்தான் எல்லாம் வாங்கியிருப்பார்கள், அந்தரத்துக்கு ஊர்ச் சீட்டு எடுத்திருப்பார்கள். வீட்டில் அது நல்ல பேர். வங்கிக்கு அது வெறும் வெள்ளைத்தாள். ஊர்ச் சீட்டை 20 வருடம் ஒருமுறைகூடப் பிந்தாமல் கட்டியது எந்தப் பதிவிலும் இல்லை. ஒன்றிரண்டு வருட அவகாசம் இருந்தால், சின்னக் கடனட்டை ஒன்றை எடுத்து மாதாமாதம் முழுவதையும் கட்டி வருவது பிழையில்லை. அட்டையில் கடன் சேர்த்து வைக்கிற ஆளென்றால் வேண்டாம்.

அடுத்தது உறுதி. யாழ்ப்பாணக் கோப்புகள் கொழும்புக் கோப்புகளைப்போல் லேசாகப் போகாததற்கு இதுதான் காரணம். பங்குக் காணியை ஒரு பங்காளி விற்கிறார் என்றால், 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டப்படி மற்றப் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வங்கிச் சட்டத்தரணி கோப்பைத் திருப்பி அனுப்புவார், அனுப்பத்தான் வேண்டும். சீதன வீடு மனைவி பேரில் இருக்கும், சம்பளம் கணவன் பேரில் வரும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி அசைவற்ற சொத்தைக் கையாள 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவர் வெளிநாட்டில் என்றால் அந்தச் சம்மதம் வந்து சேரும்வரை கோப்பு தூங்கும். பெற்றோர் சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு நன்கொடை எழுதிய வீட்டையும் வங்கிகள் லேசில் ஏற்பதில்லை. உறுதியில் ஒரு எழுத்திலும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்திலும் பெயர் இருந்தால் 'இருவரும் ஒருவரே' என்று சத்தியக் கடதாசி. பினான்ஸ் கொம்பனியும் ஊர்க்காரரும் இவ்வளவு கிண்டமாட்டார்கள். அது அவர்களின் வசதி. வாங்குகிற நமக்கு, இன்னொருவர் கிண்டிப் பார்ப்பது நல்லதுதான்.

அரச வங்கியா தனியார் வங்கியா என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. தனியார் வங்கி கெதியில் பதில் சொல்லும். அரச ஊழியர் என்றால் முதலில் சொத்துக் கடன் சுற்றறிக்கை இப்போது நடைமுறையில் உள்ளதா என்று அலுவலகத்தில் கேளுங்கள், வட்டியில் ஒரு பங்கைத் திறைசேரி ஏற்கும் கடன் அது. தனியார்துறைக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது: மீதியைப் பிணையாக்கி அரச ஈட்டு முதலீட்டு வங்கி போன்றவற்றில் வீட்டுக் கடன் எடுக்கலாம், அல்லது 10 வருடத்துக்கு மேல் பங்களித்தவர்கள் 30 வீதம் வரை, ஆகக்கூடியது 20 லட்சம், வீட்டுத் தேவைக்கு எடுக்கலாம். முதுமைக்கென்று இருக்கும் காசு என்பதால் இதைக் கடைசியில்தான் தொடவேண்டும் என்பேன்.

தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் ஒப்பிட வேண்டும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடலாம், பராட்டே என்பது அதுதான். 2011இல் வந்த திருத்தத்தின்படி, கடனாக எடுத்த முதல் 50 லட்சத்துக்குக் குறைவானால் அந்தச் சட்டத்தைப் பாவிக்க முடியாது. 50 லட்சத்துக்குச் சற்றுக் கீழே கடன் எடுப்பதற்கும் சற்று மேலே எடுப்பதற்கும் இடையில் இந்த வித்தியாசம் இருப்பதை எந்த அலுவலரும் தானாகச் சொல்லமாட்டார்.

வெளிநாட்டுக் காசுக்கு வருவோம். வட்டி இல்லை, கிறிப் இல்லை, சத்தியக் கடதாசி இல்லை. மாமாவோ அண்ணாவோ ரொறன்ரோவில் இருந்து அனுப்புகிறார், வேலை முடிந்தது. சிக்கல் பிறகு வரும்: வீடு யாருடையது? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் இங்கே காணி வாங்க முடியாது, இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். அது இல்லாதபோது உறுதி இங்கே இருப்பவர் பேரில் எழுதப்படுகிறது, உரிமை வாய்ப்பேச்சில் நிற்கிறது. பத்து வருடத்தில் அவர் பிள்ளைகள் வந்து கேட்டால் காட்ட ஒரு துண்டும் இருக்காது. வாங்குவதென்றால் வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியலில் வேண்டாம், வங்கிக் கணக்கு மூலம் வாங்குங்கள். கடனா, அன்பளிப்பா, பங்கா என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். "அண்ணா, உங்கட பிள்ளைகளுக்கும் விளங்க எழுதி வைப்பம்" என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

என் தெரிவு கலப்புத்தான். வெளிநாட்டுக் காசை வைத்துக் கடனைச் சின்னதாக்கி, மிச்சத்துக்கு நிலையான வீதத்தில் வங்கிக் கடன். வெறும் வெளிநாட்டுக் காசில் வாங்கியவருக்கு நாளைக்கு மாடி எடுக்கவோ பிள்ளையின் படிப்புக்கோ வங்கிக்குப் போனால் காட்டக் கடன் வரலாறு இருக்காது; சின்ன வீட்டுக் கடனாவது கட்டியவருக்கு அது இருக்கும்.

ஒரு வேலையை மட்டும் பிந்தவிடாதீர்கள். விற்பனை உடன்படிக்கைக்கு முற்பணம் கொடுக்க முன் கிறிப் அறிக்கையை எடுங்கள், உறுதியின் பிரதியை உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். உடன்படிக்கையில் 'வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்ற வரி இருக்கட்டும், காலமும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆறு வாரத்தில் முடித்துத் தரச்சொல்லி நெருக்குகிற விற்பனையாளர்தான் ஆட்களைப் பினான்ஸ் கொம்பனிக்கும் ஊர் ஈட்டுக்கும் ஓடவைப்பது.