கோடையில் பனிக்கு எங்கே போவது? பனியாறு, ஆண்டீஸ், பனிக்கூடம், சைக்கிள்

ஆல்பைன் பனிச்சறுக்கு உலகக் கோப்பை மார்ச்சில் முடிந்துவிடும். அடுத்த பருவத்தின் முதல் பந்தயம் அக்டோபர் கடைசியில், ஆஸ்திரியாவின் சோல்டனில். நடுவில் ஏழு மாதம். மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு ஓய்வுக் காலத்திலும் மைதானம் அங்கேயே இருக்கும். சறுக்கு வீரருக்கோ மைதானமே உருகி ஆற்றில் ஓடிவிடுகிறது.

ஏப்ரலில் கொஞ்சம் ஓய்வு, புதிய ஸ்கீ, பூட்ஸ் சோதனை. அப்புறம் பனியைத் தேடிப் போகவேண்டும், அல்லது பனியே இல்லாமல் சமாளிக்க வேண்டும். இதற்கு நான்கு வழிகள். ரசிகர்கள் அதிகம் பேசுவது பனியாற்றைப் பற்றி, அதாவது உயரமான மலையில் கோடையிலும் மிஞ்சிக் கிடக்கும் கெட்டிப் பனிப் பரப்பு. எனக்கென்னவோ நான்கில் நாளுக்கு நாள் மதிப்பு இறங்கிக்கொண்டே போவது அதுதான் என்று படுகிறது.

அதன் பெரிய சௌகரியம் பக்கத்தில் இருப்பது. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் தியோடுல் பனியாறு, ஆஸ்திரியாவில் ஹின்டர்டூக்ஸ். இரண்டும் ஆண்டு முழுக்கச் சறுக்கலாம் என்று பெயர் வாங்கியவை. ஆல்ப்ஸ் வீரர் வீட்டிலிருந்து காரில் போய்விடலாம், வானிலை சரியில்லையென்றால் திரும்பியும் வந்துவிடலாம். செர்மாட்டில் கேபிள் காரின் உச்சி நிலையம் 3883 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்துக் காற்றில் நான்கு ஓட்டம் முடிந்ததுமே கால் கனக்கும்.

விடியற்காலையில் ஏறிப் போய், எங்கே திரும்பவேண்டும் என்று காட்டும் கம்பங்களை நடுவார்கள். வெயில் ஏற ஏறப் பனி கஞ்சிப் பதத்துக்கு வந்துவிடும். அப்போது பயிற்சியாளர்கள் உப்பைத் தூவுவார்கள். உப்பு பட்ட இடத்தில் பனி கொஞ்சம் உருகும், உருகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அந்தக் குளிரில் அடியிலிருக்கும் ஈரம் உறைந்து இறுகும். கையால் சுற்றும் பழைய ஐஸ்கிரீம் வாளியில் ஐஸோடு உப்பைக் கொட்டுவதும் இதே கணக்கில்தான். ஆனால் அந்த இறுக்கம் கொஞ்ச நேரத்துக்குத்தான், மதியத்துக்கு முன்பே கடையைக் கட்டவேண்டியதுதான்.

நிலைமை அதைவிட மோசமாகவும் போயிருக்கிறது. 2022 ஜூலை கடைசியில், வெயில் தாங்காமல் செர்மாட் தன் கோடைச் சறுக்கையே நிறுத்தி வைத்தது. அதே இலையுதிர் காலத்தில் செர்மாட்டிலிருந்து இத்தாலியின் செர்வினியாவுக்கு இறங்கும் டவுன்ஹில் (திருப்பம் குறைவாக, அதிவேகமாக இறங்கும் வகை) பந்தயம் பனி இல்லாமல் ரத்தானது. 2023-லும் நடக்கவில்லை, பிறகு அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். போதாததற்குப் பனியாறுகளில் சரிவு பெரும்பாலும் மிதமானது. கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஜெயன்ட் ஸ்லாலமுக்குப் போதும், டவுன்ஹில் வீரருக்குப் போதாது.

டவுன்ஹில் என்றால் என்ன அளவு என்று ஒரு நிமிடம் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் வெங்கனில் ஓட்டத்தின் நீளம் ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டர், முடிக்க இரண்டரை நிமிடம். 2013-ல் அதே சரிவில் பிரான்ஸின் ஜோஹன் கிளேரி மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகம் தொட்டார். இதற்குத் தயாராக நீளமான, செங்குத்தான, இறுகிய சரிவு வேண்டும். ஆகஸ்டில் அது, அப்போது குளிர்காலமாக இருக்கும் பூமியின் தென்பாதியில்தான் கிடைக்கும்.

ஆண்டீஸ் மலையில் சிலியின் போர்ட்டியோ அதற்குப் பழைய முகவரி. ஏரிக்கரையில் மஞ்சள் நிற ஓட்டல், அதுவே 2880 மீட்டரில். பனிப்புயல் அடித்தால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் அதிகம் என்பதால் சில இடங்களில் தூண் வைத்த லிஃப்ட் கிடையாது. ஐந்து பேரை ஒரே வரிசையில் கோத்து மேலே சுண்டி இழுக்கும் கயிறுதான், ஒருவர் தடுமாறினால் மற்றவர்களும் அவஸ்தைப்பட வேண்டும். 1966 ஆகஸ்டில் உலகச் சாம்பியன்ஷிப் இங்கேதான் நடந்தது. டவுன்ஹிலில் பிரான்ஸின் ஜான்-குளோத் கில்லி வென்றார். தென்பாதியில் ஆல்பைன் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது அந்த ஒரே முறைதான்.

அர்ஜென்டினாவின் உஷுவாயா வேறு ரகம். செர்ரோ காஸ்டோரின் அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து 195 மீட்டர்தான். பனி குளிர்ந்து இறுகிக் கிடக்கும், மூச்சும் திணறாது. செர்மாட்டில் வாடிப்போகிறவர் இங்கே ஒரே காலையில் கூடுதலாக இரண்டு மூன்று ஓட்டம் போடலாம். நேர வித்தியாசமும் ஆல்ப்ஸோடு ஒப்பிட்டால் ஐந்து மணி நேரம்தான். நியூசிலாந்துக்குப் போனால் பத்து, உடம்பு பழகுவதற்குள் முதல் சில நாள் போய்விடும். ஸ்லாலம் (கம்பங்கள் இன்னும் நெருக்கமாக நிற்கும் வகை), ஜெயன்ட் ஸ்லாலம் ஆட்களுக்கு நியூசிலாந்து நல்ல இடம், ஆனாலும் ஐரோப்பியரிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உஷுவாயாதான் என் வாக்கு.

செலவு? பயணத்துக்கே ஒரு நாளுக்குக் குறையாது. ஆண்களின் டவுன்ஹில் ஸ்கீ 218 சென்டிமீட்டர், அப்படிப் பல ஜோடிகளைக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிட ஓட்டம் ஆறு கிடைத்தால், மொத்தம் ஒன்பது நிமிடச் சறுக்கல்! இன்னொரு கணக்கும் இருக்கிறது. பந்தய நாளில் சரிவின் ஓரம் முழுக்க வலை அடுக்கடுக்காக நிற்கும், பயிற்சியில் அந்த அளவு பாதுகாப்பு எல்லா இடத்திலும் இருப்பதில்லை. 2025 செப்டம்பரில் சிலியின் லா பார்வாவில் பயிற்சியின்போது விழுந்த இத்தாலிய வீரர் மத்தேயோ ஃபிரான்சோசோ உயிரிழந்தார். வயது 25. தென்பாதிப் பயணத்தின் கணக்கில் இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

பனிக்கூடத்தைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நெதர்லாந்தின் லான்ட்கிராஃப், ஜெர்மனியின் விட்டன்பர்க் போன்ற ஊர்களில் கூரைக்கடியில் ஒரு சரிவு. விட்டன்பர்க்கில் நீளம் 330 மீட்டர், அரை நிமிடத்துக்குள் கீழே வந்துவிடலாம். மேடுபள்ளம் இல்லை, வெளிச்சம் மாறாது, காற்று கிடையாது. டவுன்ஹில்காரருக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்லாலம்காரருக்கு உண்டு. இருபது கம்பம், இருபது ஓட்டம் என்று வைத்தால் நானூறு திருப்பம் ஆகிறது, மலையில் ஒரு நல்ல நாளுக்குச் சமம். அதைவிட, எல்லா ஓட்டத்துக்கும் பனி ஒரே மாதிரி இருப்பதால் பூட்ஸின் சாய்வை ஒரு துளி மாற்றினால் என்ன ஆகிறது என்று சுத்தமாகத் தெரியும். மலையில் வேகம் கூடினால் அது பூட்ஸாலா, வெயிலாலா என்று யார் சொல்வது? பனியே இல்லாத சரிவில் வளர்ந்தவரும் இருக்கிறார். பிரிட்டனின் டேவ் ரைடிங், லங்காஷயரின் பெண்டிலில் பிளாஸ்டிக் சரிவில் தேறியவர், 2022 ஜனவரியில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயலில் உலகக் கோப்பை ஸ்லாலம் வென்றார். அப்போது அவருக்கு வயது 35.

கடைசியாக, பனி தேவைப்படாத வழி: ஜிம், சைக்கிள், கயிற்றின்மேல் நடப்பது. அமெரிக்கச் சறுக்கு வீராங்கனை மிகாயெலா ஷிஃப்ரின் சிறுவயதில் ஒற்றைச் சக்கர வண்டி ஓட்டியதும் இந்த வகைதான். திருப்பத்தில் கால்மேல் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழும். தொடைத் தசை நீண்டுகொண்டே அதைத் தாங்கவேண்டும். அதைப் பனியில் கட்ட முடியாது, இரும்புத் தட்டுகளை ஏற்றித்தான் கட்டவேண்டும். ஆஸ்திரியச் சறுக்கு வீரர் ஹெர்மன் மையர் இளமையில் கோடைதோறும் கொத்தனார் வேலை பார்த்தவர். 2001 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலையே இழக்கும் நிலைக்குப் போனார். நிறுத்தி வைத்த சைக்கிளை மிதித்து மிதித்துத்தான் மீண்டார். 2003 ஜனவரியில் கிட்ஸ்பூயலில் சூப்பர்-ஜி (டவுன்ஹிலுக்கு அடுத்த வேகப் பந்தயம்) வென்றார். அதே ஆண்டு ஜூலையில் டூர் டி பிரான்ஸ் தொடக்கச் சுற்றின் பாதையில் சிறப்பு விருந்தினராகச் சைக்கிள் ஓட்டினார்.

பணம் குறைவான ஸ்லாலம் வீரர் என்றால் மே முதல் ஜூலை வரை சைக்கிளும் ஜிம்மும், ஆகஸ்டில் சில வாரம் பனிக்கூடம். தென்பாதிக்குப் போகாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. டவுன்ஹில் வீரருக்கு அந்தச் சலுகை கிடையாது, கடன் வாங்கியாவது உஷுவாயாவுக்கோ சிலிக்கோ போகத்தான் வேண்டும். பனியாற்றை இருவரும் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போடலாம். இரவில் உறைய ஆரம்பித்திருக்கும், உப்பு மூட்டையும் மிச்சம்.