எப்சன் ஈபி-ஈ01 புரொஜெக்டர்: கடற்கரை ஊரில் ஆவணப்படம் காட்ட ஏற்றதா?

விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி பக்கம் தெருவில் படம் போடத் தோதான காலம். குடிநோய், மனநோய், காசநோய் பற்றிய ஆவணப்படங்களில் பாதிக்குமேல் மங்கலான வீட்டுக்குள் எடுத்த முகங்களாகவே இருக்கும். பேசுகிறவரின் தயக்கம் தெரியவில்லை என்றால் படம் போட்டும் பயனில்லை. அந்த வேலைக்கு இந்தப் புரொஜெக்டரின் 3,300 லூமன் ஒளி போதும். சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி எல்சிடி தகடு வைத்த 3எல்சிடி வகை என்பதால் தோல் நிறமும் வெளிறாமல் வரும்.

ஆனால் திரை அளவில் பேராசை கூடாது. இதன் படப்பரப்பு 1024-க்கு 768 புள்ளிகள், அதாவது அகலமும் உயரமும் 4:3. இன்றைய படங்கள் 16:9 என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து ஒளியில் கால்பங்கு வீணாகும். மிஞ்சுவது சுமார் 2,475 லூமன். 8 அடி அகலப் படத்துக்கு அது தாராளம், 10 அடியைத் தாண்டினால் இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூத்துவிடும். 8 அடிக்குப் புரொஜெக்டர் பதினொன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும். ஜூம் டிஜிட்டல்தான், அதை நம்பாமல் மேசையையே நகர்த்துங்கள். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வசன எழுத்தை முன்வரிசைத் தலைகள் மறைக்கும். மே மாதத்தில் இரவு ஏழரைக்கு முன் தொடங்க வேண்டாம்.

பெரிய குறை ஒலி. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 2 வாட். கடலிரைச்சலில் அது எடுபடாது. ஆவணப்படத்தில் ஆள் பேசுவதுதான் உயிர் என்பதால், புரொஜெக்டரில் மிச்சம் பிடித்தாவது இரண்டு நல்ல ஸ்பீக்கர் எடுங்கள். திரைக்கு இருபுறமும் ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்தி, பேஸை, அதாவது கனத்த தாழ் ஒலியைக் குறைத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ செருகியதும் ஒலி தானாகவே புரொஜெக்டருக்குப் போய்விடும். லேப்டாப் அமைப்பில் ஹெட்போன் வழிக்கு மாற்றி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர் கொடுக்க வேண்டும். 'ம்ம்' என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

புரொஜெக்டர் மட்டும் சுமார் 330 வாட் இழுக்கும். ஸ்பீக்கர், லேப்டாப் சேர்ந்தால் 450. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியும் சைன்வேவ் இன்வெர்ட்டரும் இரண்டு மணி நேரம் தாங்கும். நடுவில் கரண்ட் போனால் சூடான விளக்கு உடனே பற்றாது, ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

சோழகக் காற்றில் திரைத்துணி பாய்போல உப்பும். புயல் காப்பகத்தின் வெள்ளைச் சுவர் கிடைத்தால் துணியே வேண்டாம். உப்புக்காற்றும் மணலும் ஃபில்டரை அடைத்தால் உள்ளே சூடேறி விளக்கின் ஆயுள் குறையும். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள்.

எந்தப் படம் என்பதிலும் கவனம் தேவை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. அந்த ஊரில் சங்கிலிக் காட்சியை முன்னறிவிப்பின்றிப் போடாதீர்கள். குடி பற்றிய படமென்றால் பாட்டிலை நெருக்கத்தில் காட்டும் காட்சிகள் நிறைந்ததைத் தவிர்க்கலாம், அது ஆசையைக் கிளப்பும்.

அதைவிட முக்கியம்: படம் பார்த்த உருக்கத்தில் "இன்றோடு விட்டேன்" என்று சொல்பவர் தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால் அது ஆபத்து. திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே கைநடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு முதல் நான்கு நாளில் மனக்குழப்பம் வரக்கூடும். உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பதை மைக்கில் சொல்லாமல் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

படம் முடிந்ததும் புரொஜெக்டரை அணைக்காமல், மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446 என்ற இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் பத்து நிமிடம் திரையில் விட்டுவையுங்கள். பேர் எழுதிக் கொடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் இருட்டில் நின்று போனில் படம் எடுத்துக்கொள்வார்கள்.