கூடுகளை எண்ணிய இரண்டு வாரங்கள்: போர்னியோ மழைக்காட்டுத் தன்னார்வப் பயணம்

போர்னியோ தீவில் உள்ள மலேசியாவின் சபா மாநிலத்தில், கினாபாத்தாங்கான் ஆற்றங்கரைக் காட்டில், ஆய்வாளர்களுக்கு உதவும் தன்னார்வலராக இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கட்டணம் செலுத்திச் சேரும் பயணம் இது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்திய அமைப்பின் பெயரைத் தவிர்க்கிறேன். விளம்பரப் படத்தில் ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கு நம் கண்ணை நேராகப் பார்க்கிறது. பதினான்கு நாளில் நான் அதை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் முதுகைத்தான்.

அதன் கூடுகளையோ கழுத்து வலிக்கும் அளவுக்குப் பார்த்தேன், ஏனென்றால் வேலையே அதுதான். ஒராங்குட்டான் அநேகமாக ஒவ்வோர் இரவும் கிளைகளை மடக்கிப் புதிய கூடு கட்டி உறங்குவதால், விலங்கைத் தேடி அலைவதைவிடக் கூடுகளை எண்ணி அதன் எண்ணிக்கையைக் கணிப்பது எளிது. நேர்கோடாக வெட்டிய பாதையில் மெல்ல நடந்து, அண்ணாந்து பார்த்து, கூடு தென்பட்டால் பாதையிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நாடாவால் அளந்து, இலை பச்சையாக உள்ளதா, பழுத்துவிட்டதா, எல்லாம் உதிர்ந்து குச்சி மட்டும் நிற்கிறதா என்று படிவத்தில் குறிக்க வேண்டும். கூடு சிதைய எவ்வளவு காலம் ஆகும் என்பதும் கணக்கில் சேர்வதால், இலையின் நிறத்தைத் தவறாகக் குறித்தால் விடையும் தவறிப்போகும்.

இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு அரை நாள் பயிற்சிதான் தந்தார்கள். மூன்றாம் நாள், ஒரே பாதையில் நானும் மற்றொரு தன்னார்வலரும் அரை மணி இடைவெளியில் தனித்தனியே நடந்தோம். எனக்குக் கிடைத்தவை ஏழு கூடுகள், அவருக்குப் பதினொன்று. நான் தவறவிட்டவற்றில் ஒன்று, தண்ணீர் குடிக்க நான் நின்ற இடத்துக்கு நேர் மேலே இருந்தது. அதன் பிறகே புதியவர்களை அனுபவமுள்ள உள்ளூர் உதவியாளர்களோடு சேர்த்து அனுப்பினார்கள். இதை முதல் நாளே செய்திருக்கலாம். எங்கள் முதலிரண்டு நாள் படிவங்களை ஒதுக்கிவைக்க நேர்ந்திருக்காது.

விலங்குகளைப் படமெடுக்கக் காட்டில் வைத்த தானியங்கிக் கேமராவின் நினைவக அட்டைகளில் உள்ள படங்களைப் பிரிப்பது பொறுமைக்கான சோதனை. வெயில் பட்ட இலை காற்றில் அசைந்தாலே அந்தக் கேமரா படம் எடுத்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான பெரணிப் படங்களுக்கு நடுவே ஒரு முள்ளம்பன்றியின் பின்பாதி வந்தபோது அறையே ஆரவாரித்தது. மாலையில் படகில் சென்று, ஆற்றோர மரங்களுக்கு உறங்க வரும் நீள்மூக்குக் குரங்குகளை எண்ணுவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. போர்னியோவின் எட்டு வகை இருவாச்சிகளும் வாழும் இடம் இது. நான் பார்த்தவை மூன்று.

2005இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 26,000 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காடு, செம்பனை (பாமாயில் தரும் பனை) தோட்டங்களுக்கு இடையே துண்டுதுண்டாகக் கிடக்கிறது. துண்டுகளை இணைக்கக் கன்று நடும் பணியும் உண்டு. ஆனால் நடுவதைவிட, ஏற்கெனவே நட்ட கன்றுகளைக் கொடிகள் மூடிவிடாமல் களை எடுப்பதே பெரும்பகுதி. சேறும் இரத்தம் உறிஞ்சும் அட்டையும் எதிர்பார்த்தவைதான். அட்டைக்கான நீளக் காலுறையை மட்டும் மறக்காதீர்கள். அவர்கள் அனுப்பிய பட்டியலில் அது இல்லை.

ஒரு விஷயத்தில் இவர்களை மனமாரப் பாராட்டுவேன். விலங்கைத் தொடவோ நெருங்கவோ யாரையும் விடுவதில்லை. மனிதரின் சளியும் காய்ச்சலும் ஒராங்குட்டானுக்குத் தொற்றக்கூடும் என்பதால், ஒருநாள் தும்மிய என்னை முகாமிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் அவர்கள் செய்தது சரியே. குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று அழைக்கும் பயணம் எதையும் நம்ப வேண்டாம்.

கட்டணத்தில் எவ்வளவு ஆய்வுக்குப் போகிறது என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் வண்ணக் கையேடுதான் கிடைத்தது. எங்கள் கணக்கெடுப்பின் முடிவை அனுப்புவதாகச் சொன்னார்கள்; நான்கு மாதமாகியும் வரவில்லை. பணம் கட்டும் முன் இவ்விரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுப்புக் கிடைக்குமானால் நான்கு வாரப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். கூடு கண்ணில் படப் பழகவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.