பன்னாட்டு ஆய்வு நல்கைப் பயிற்சி: விண்ணப்பத்திலிருந்து தணிக்கை வரை

பன்னாட்டு ஆய்வு நல்கைகளுக்கு விண்ணப்பிக்க ஆய்வாளர்களைப் பழக்கும் இணையவழி வகுப்புகளுக்கு இன்று பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை விண்ணப்பம் எழுதும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அத்தோடு விடைபெற்றுக்கொள்கின்றன. பணம் வந்தபின் என்ன செய்வது என்பது ஆய்வாளரின் தலையெழுத்தாக விடப்படுகிறது. அண்மையில் நான் முடித்த பயிற்சியில் நல்கை பெறுவதையும் நடத்துவதையும் பிரிக்காமல், ஆய்வு அனுபவமுள்ள ஒருவரும் நல்கைக் கணக்குகளைப் பல்லாண்டு கவனித்த நிதி அலுவலர் ஒருவரும் சேர்ந்தே கற்பித்தார்கள். இதற்காகவே இதனைப் பரிந்துரைக்கலாம் என்றாலும், சில குறைகளையும் சொல்லாமல் விட முடியாது.

தொடக்க வகுப்புகளில் எழுதச் சொல்லவில்லை, மதிப்பிடச் சொன்னார்கள். பெயர்கள் நீக்கப்பட்ட பழைய விண்ணப்பம் ஒன்றைக் கையில் கொடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ‘ஹொரைசன் ஐரோப்பா’ பின்பற்றும் மூன்று அளவுகோல்களின்படி, அதாவது ஆய்வின் சிறப்பு, அதனால் விளையும் தாக்கம், செயல்படுத்தும் முறை ஆகியவற்றுக்குத் தலா 5 மதிப்பெண் என்று பிரித்து, மதிப்பெண் இடச் சொன்னார்கள். ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 10 என்பது அங்கே வழக்கமான கீழ்வரம்பு. வகுப்பில் பலரும் முதல் அளவுகோலுக்குத் தாராளமாகவும் இரண்டாவதற்குக் கஞ்சத்தனமாகவும் மதிப்பெண் இட்டதைக் கண்டபோது, நம் சொந்த விண்ணப்பங்களில் எந்தப் பகுதி மெலிந்துகிடக்கிறது என்பது சொல்லாமலே விளங்கியது. கட்டுரை வெளியிடுவோம், கருத்தரங்கு நடத்துவோம் என்று எழுதினால் அது தாக்கம் ஆகிவிடாது. யார், எப்போது, எதை மாற்றிச் செய்யப்போகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கைகளுக்கோ அறிவியல் சிறப்பு ஒன்றே அளவுகோல். ஆகவே ஓரிடத்துக்கு எழுதியதை மற்றோரிடத்துக்குப் பெயர் மாற்றி அனுப்புவது வீண் வேலை என்பதை நன்றாக உணர்த்தினார்கள். மருத்துவ ஆய்வுகளுக்கு நிதியளிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச்.சுக்கான விண்ணப்பத்தில் ஆய்வின் குறிக்கோள்களை ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும் என்ற விதியையே ஒரு பயிற்சியாக மாற்றியிருந்தது எனக்குப் பிடித்தது. துறைக்கு வெளியே இருப்பவர் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு ஆய்வின் நோக்கத்தைத் திருப்பிச் சொல்ல முடியவில்லையென்றால், மீண்டும் எழுத வேண்டும்.

பயிற்சியின் உச்சம் வரவுசெலவுத் திட்டம் குறித்த அமர்வுகள்தாம். ஹொரைசன் ஐரோப்பா நல்கை கிடைத்துவிட்டால் நாம் எழுதிய பணி விவரமே ஒப்பந்தத்தின் முதல் இணைப்பாகிவிடுகிறது என்பதை நினைவூட்டிய நிதி அலுவலர், எங்கள் வரைவுகளைத் தணிக்கையாளரின் கண்ணோடு வரிவரியாகப் படித்தார். மதிப்பீட்டாளரைக் கவர்வதற்காக அடுக்கிய ஒவ்வொரு அறிக்கைக்கும் பின்னாளில் கெடு உண்டு என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. கருவியின் முழு விலையையும் திட்டச்செலவில் காட்டியிருந்தவர்களிடம், வழக்கமாகத் திட்டத்தில் பயன்படும் காலத்துக்குரிய தேய்மானம் மட்டுமே ஏற்கப்படும் என்றார். மின்சாரம், அலுவலகம் போன்ற மறைமுகச் செலவுக்கு நேரடிச் செலவில் 25 விழுக்காடு கிடைக்கும், ஆனால் வெளியாருக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்கும் தொகையை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பணியாளரின் ஆண்டுச் சம்பளச் செலவை 215-ஆல் வகுத்து நாள் வீதம் காண வேண்டும். உழைத்த நாள்களை மாதந்தோறும் பதிந்து மேலாளரின் கையொப்பத்துடன் வைத்திருக்க வேண்டும். பெரிய நல்கைகளின் ஆவணங்களை இறுதித் தொகை பெற்றபின் 5 ஆண்டுகள் பேண வேண்டும் என்பன போன்ற செய்திகள் விதிநூலில் இருப்பவைதாம். ஆனாலும் நம் சொந்த அட்டவணையில் அவை எங்கே இடறுகின்றன என்று ஒருவர் தொட்டுக் காட்டும்போது கிடைக்கும் தெளிவு விதிநூலைப் படித்துக் கிடைப்பதில்லை.

யூரோ அல்லாத நாணயத்தில் கணக்கு வைப்போர் அறிக்கைக் காலத்தின் சராசரி மாற்று வீதத்தைக் கொண்டு செலவைக் கணக்கிட வேண்டும் என்பதையும், உள்நாட்டு நாணயம் வலுப்பெற்றால் அதே நல்கைக்குக் குறைந்த வேலைதான் செய்ய முடியும் என்பதையும் எடுத்துக்காட்டோடு விளக்கினார்கள். திட்டத்தின் ஒரு பகுதியான பணித்தொகுப்பு முடிந்தால்தான் அதற்குரிய தொகை என்னும் மொத்தத்தொகை முறையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேசியிருக்கலாம். அங்கே செலவுச் சீட்டு கேட்பதில்லை என்ற செய்தியைக் கேட்டு மகிழ்ந்த முகங்கள், ஒரு தொகுப்பு அரைகுறையாக நின்றால் அதற்குரிய பணம் குறைக்கப்படலாம் என்றதும் வாடின.

குறைகளில் முதன்மையானது, கூட்டாளிகளைச் சேர்க்கும் பகுதியை அவசரமாகக் கடந்துவிட்டதுதான். பொதுவாக ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அல்லது திட்டத்தோடு இணைந்த நாடுகளுள் மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று தனித்தனி நிறுவனங்கள் தேவை, அவற்றுள் ஒன்றாவது ஒன்றியத்தின் உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னார்கள். ஆனால் அறிமுகமில்லாத ஒருங்கிணைப்பாளரை அணுகுவது எப்படி, அவர் தரும் பங்கு நியாயமானதா என்று பார்ப்பது எப்படி, கண்டுபிடிப்பின் உரிமையை எப்படிப் பகிர்வது என்பவற்றுக்கு ஒரு மாதிரி ஒப்பந்தத்தைக் கொடுத்ததோடு முடித்துக்கொண்டார்கள். ஒன்றியத்துக்கு வெளியே இருந்து சேர விரும்புவோருக்கு இதுவே முதல் தடை. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தி மீண்டும் அனுப்புவது பற்றி ஒரு சொல்லும் இல்லை; என்.ஐ.எச்.சில் 37 மாதங்களுக்குள், திருத்தங்களை விளக்கும் ஒரு பக்க முன்னுரையுடன் மறுபடி அனுப்ப வழியிருக்கும்போது இந்த மௌனம் வியப்பளிக்கிறது. வரைவுகளுக்கு எழுத்தில் வந்த கருத்துரைகளும் தாமதமாகவே வந்தன. சில இரண்டு வரிகளைத் தாண்டவில்லை.

இப்போதுதான் முனைவர் பட்டத்தை முடித்து, தனிநபர் ஆய்வு உதவித்தொகை ஒன்றை மட்டும் தேடுபவர்களுக்கு இந்தப் பயிற்சியின் பாதி தேவைப்படாது. ஆய்வுக் குழு ஒன்றை நடத்திக்கொண்டு, ஓராண்டுக்குள் கூட்டு விண்ணப்பம் அனுப்பும் எண்ணமுள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். சேர்பவர்கள் தாம் குறிவைத்திருக்கும் விண்ணப்ப அழைப்பின் ஆவணத்தையும் அரைகுறையான வரைவு ஒன்றையும் கையோடு கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தவர்களுக்கு வரவுசெலவு அமர்வுகளில் பார்வையாளராக இருப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. முடிந்தால் தம் நிறுவனத்தின் நிதிப்பிரிவு அலுவலரையும் அந்த அமர்வுகளுக்கு அழைத்துவரலாம். தனிக் கட்டணமின்றி அவருக்கும் இடம் தருகிறார்கள்.